ஏழு சுற்று அழித்த விவரம்

குன்னத்துகால்
16.11.1998, திங்கள்

என் அக்காள் மகளும் எங்கள் குடும்பத்தின் முதல் இன்ஜினியருமான அன்புள்ள ஜிஜாவுக்கு, ஹோமியோ டாக்டர் ஈசாக் மாமா எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய கிருபையினால் நானும் உன் மாமி தங்கபாயும் இவ்விடம் சரீர சுகத்தோடு இருக்கிறோம். நீயும் சென்னையில் ஆபீசிலும் லேடீஸ் ஹாஸ்டலிலும் சுகத்தோடும் நல்ல ஆகாரத்தோடும் இருப்பாய் என்று நம்புகிறேன். ஆகாரத்தைப் பற்றி உன் அம்மா வேறு மாதிரி சொன்னாள், அது நிற்க. நீ அனுப்பிய ஃபிளாப்பி போன செவ்வாய்க்கிழமை பாறசாலை கூரியர் ஆபீசில் வந்து கிடைத்தது. காந்தம் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது என்று நீ சிவப்பு மையில் எழுதியிருந்தாய். பஸ்ஸில் யார் பெட்டியில் என்ன காந்தம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆகையால் குன்னத்துகால் வரைக்கும் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன். நான் இறங்கத்தான் கை காட்டுகிறேன் என்று நினைத்து கண்டக்டர் மூன்று இடத்தில் பஸ்ஸை நிறுத்தினார். நீ கேட்டபடி, அதற்குப் பிறகு நடந்த காரியங்களை ஒன்றும் விடாமல் இதில் எழுதுகிறேன்.

காரியம் முழுசும் உனக்குத் தெரியாது. ஃபிளாப்பி வேண்டும் என்று மட்டும்தானே நான் அன்று எழுதினேன். எங்கள் வைத்தியத்தில் இங்கிலீஷ் டாக்டர் மாதிரி நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து மாத்திரை எழுதிவிட முடியாது. வருகிறவர் எந்தப் பக்கம் சாய்ந்து உறங்குவார், இடிக்குப் பயப்படுவாரா, தனியாக இருக்கும்போது அழுவாரா, எந்தச் சொப்பனம் திரும்பத் திரும்ப வரும், யாரைக் கண்டால் கோபம் வரும், எல்லாம் கேட்க வேண்டும். கேட்டதெல்லாம் 93-ஆம் வருஷம் முதல் அந்தக் கம்ப்யூட்டரில் என் கையாலே இங்கிலீஷில் டைப் செய்து வைத்திருந்தேன். ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பேர். செங்கல் ஊர் முதல் தனுவச்சபுரம் வரைக்கும் உள்ள பயமும் பொறாமையும் கெட்ட சொப்பனமும் முழுக்க என் மேசைமேல் ஒரு துணியால் மூடி இருந்தது என்று வைத்துக்கொள். இப்போது புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பழைய ரகசியம் ஒன்றையும் அதில் ஏற்ற வேண்டாம் என்று முடிவு செய்தேன். பழையதை என்ன செய்ய என்று யோசித்தபோது, நம் வாயனசாலை லைப்ரரிக்குக் கொடுத்தால் படிக்கிற பிள்ளைகளுக்கு உதவுமே என்று மனசில் பட்டது. வாயைத் திறந்து சொல்லியும் விட்டேன். உடனே நவம்பர் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை, பஞ்சாயத்து மெம்பர் தலைமையில் கைமாற்ற விழா என்று நோட்டீசும் அடித்துவிட்டார்கள். நோட்டீசில் எனக்கு ‘கலாஸ்நேகி’ என்று ஒரு பட்டம் வேறு. ஏன் என்று தெரியவில்லை.

இரண்டாம் தேதி உட்கார்ந்து ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்றையும் டிலீட் செய்தேன். முடித்தபோது குளித்துக் கரையேறினதுபோல் இருந்தது. மறுநாள் வாயனசாலை செக்ரட்டரி ராஜதாஸ் மெஷினைப் பார்க்க வந்தான். அவனை உனக்கு ஓர்மையிருக்கும், வடை பொதிந்து வந்த காகிதத்தையும் விரித்து வாசித்துவிட்டுத்தான் வடையைத் தின்பான். இப்போது நெய்யாற்றின்கரையில் ஆறு மாசம் கம்ப்யூட்டர் கோர்சும் படித்திருக்கிறான். எல்லாம் அழித்தாச்சு, தைரியமாகக் கொண்டுபோ என்றேன். அவன் சிரித்துவிட்டு, டிலீட் செய்தால் போகாது சாரே, வீட்டு நம்பர்ப் பலகையை மட்டும்தான் கழற்றியிருக்கு, வீடும் ஆளும் உள்ளேதான் இருக்கும் என்று சொல்லி, என் நாற்காலியிலேயே உட்கார்ந்து என்னவோ நாலு வார்த்தை அடித்தான். அம்மாடி. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாரும் வரிசையாகத் திரும்பி வந்தார்கள். ஒவ்வொரு பேருக்கும் முதல் எழுத்து மட்டும் போய், அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி. அந்த எழுத்தை நாம் சொல்லிக்கொடுத்தால் போதும், ஃபைல் பழையபடி எழும்பி உட்காரும் என்றான். சொல்லிக்கொண்டே போனவன் ஒரு இடத்தில் நின்றுவிட்டான். கேள்விக்குறிக்குப் பின்னாலே ‘ஆஜதாஸ்’ மாதிரி ஒரு பேர். சாரே, இது ஞான்தானே என்று கேட்டு ‘ஆர்’ என்ற எழுத்தின்மேலே விரலைக் கொண்டுபோனான் பாரு, நான் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கிட்டேன். நோயாளியாக வந்தபோது அவன் என்னிடம் என்ன சொன்னான் என்று நான் உனக்கும் சொல்லமாட்டேன். எந்தக் கதைப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்தை முதல்ல வாசிச்சு, ஒருத்தரும் சாகல்லை எண்ணு தெரிஞ்சாத்தான் அவனுக்கு உறக்கம் வரும், அவ்வளவு மட்டும் சொல்லலாம்.

அன்றைக்கே உனக்குக் கடிதம் போட்டேன். நீயும் ஃபிளாப்பி அனுப்பினாய். இது கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கிற தட்டு முழுவதும் அர்த்தமில்லாத எழுத்துகளை ஏழு தடவை மேலே மேலே எழுதி மூடும், அதற்குப் பிறகு எந்த ராஜதாசாலும் எடுக்க முடியாது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனாலும் எனக்கு ஒரு தர்ம சங்கடம் உண்டு, அதை உன்னிடம் மறைக்கக் கூடாது. எங்கள் சாஸ்திரப்படி ஒரு துளி மருந்தை நூறு துளியில் கலக்கிக் குலுக்குவோம், அதில் ஒரு துளியை எடுத்து இன்னொரு நூறில் கலக்குவோம். இப்படிப் போகப் போக குப்பியில் மருந்தே இருக்காது, மருந்தினுடைய ஓர்மை மட்டும்தான் இருக்கும். அந்த ஓர்மைக்குத்தான் வீரியம் அதிகம். அப்படியானால் ஏழு தடவை அழித்த ரகசியத்துக்கு எவ்வளவு வீரியம் இருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பார். தங்கபாயிடம் கேட்டேன். முதல்ல ஒரு தடவை அழிச்சுக் காட்டுங்க, பெறகு வீரியத்தைப் பாப்போம் என்றாள்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு கைகால் கழுவி, ஜெபம் பண்ணி, ஃபிளாப்பியைப் போட்டேன். உனக்க புரோகிராம் எடுத்த எடுப்பிலே அழிக்காது, கேட்டியா? முதல்ல தட்டு முழுசும் சோதிச்சுப் பாக்கும், அதுக்கே ஒண்ணரை மணிக்கூர் எடுக்கும், அது முடிஞ்சாத்தான் ஒரு எழுத்தைத் தொடும். சோதனை பாதி ஆனப்போ துலாவர்ஷ மழை தொடங்கியாச்சு. எங்கேயோ ஒரு தென்னமட்டை கம்பி மேலே விழுந்து கரண்ட் போச்சு. கரண்ட் வந்தப்போ மறுபடியும் முதலிலிருந்து. ரெண்டாம் தடவை முக்கால்வாசி ஆனப்போ இடி. மூணாம் தடவை இடியும் இல்லை, மட்டையும் இல்லை, நான்தான் பேன் சுவிட்சு எண்ணு நினைச்சு மாத்தி அணைச்சிட்டேன். இதுக்கிடையிலே வராந்தாவில் நோயாளிகள் காத்து உக்காந்திருக்காவ. டாக்டர் ஏன் இன்னும் கூப்பிடல்லை எண்ணு கேட்டிருக்காவ. உன் மாமிக்குத்தான் பொய் சொல்ல வராதே. நீங்க அவருகிட்ட சொன்ன ரகசியத்தையெல்லாம் அழிச்சிட்டு இருக்காரு, சொன்னா சொன்னபடி போக மாட்டேங்குது எண்ணு சொல்லிட்டா.

மக்கா, அதுக்கு மேலே நடந்ததை என்னண்ணு எழுத. அஞ்சு வருஷமா அந்த மேசையில் அது கிடந்தது, ஒருத்தர்கூட அதைத் திரும்பிப் பாக்கல்லை. அழிக்கத் தொடங்கினேன் எண்ணு தெரிஞ்ச அண்ணு சாயங்காலத்துக்குள்ளே நாட்டில் வேற பேச்சில்லை. ஈசாக் டாக்டர் ஊரைப் பத்தி ஒரு புத்தகம் எழுதியிருக்கார் எண்ணு செங்கல்லில் ஒரு கூட்டம். அதை ஆரோ கேஸ் போட்டு தடுத்தாச்சு எண்ணு களியக்காவிளையில் ஒரு கூட்டம். வியாழக்கிழமை காலையில் தனுவச்சபுரம் காலேஜுக்குப் போற பஸ்ஸில் ரெண்டு பிள்ளைகள், எங்க வீட்டு முன்னால வந்தப்போ, அந்த வீடுதான் எண்ணு விரல் காட்டினதை என் கண்ணாலே பாத்தேன். எனக்க சாஸ்திரம் பொய்யில்லை எண்ணு மனசிலாச்சு. ஆனா சந்தோஷப்பட நேரமில்லை.

முதல்ல வந்தது கிருஷ்ணன்குட்டியண்ணன். பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர், கோயில் உற்சவக் கமிட்டித் தலைவர், மீசையை நீ பாத்திருப்பே. ஆயிரம் பேரையும் பெறகு அழிச்சா போதும், எனக்கதை முதல்ல அழிச்சுத் தரணும் எண்ணு கையைப் பிடிச்சிட்டார். அவர் எதுக்குப் பயப்படுவார் எண்ணு நான் செத்தாலும் சொல்லமாட்டேன். மழைக்காலத்துல கிணத்துப் பக்கம் சத்தம் போடுற ஒரு சின்ன ஜீவி, அதுக்கு மேலே என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. தனியா ஒண்ணை மட்டும் அழிக்க முடியாது, புரோகிராம் எல்லாத்தையும் சேத்துத்தான் அழிக்கும் எண்ணு விளக்கினேன். மீசையைத் தடவிட்டு, அப்படியானா அழியதுக்கு முன்னே அந்த ஜீவி இருக்கிற இடத்தில் பாம்பு எண்ணு மாத்தி எழுதிவிட முடியுமா சாரே எண்ணு கேட்டார். எப்படியும் அழியப் போறதுதானே அண்ணா, மாத்தி என்ன பிரயோசனம் எண்ணு சொன்னா, இல்லை, ஒரு மனசமாதானத்துக்கு எங்கார். அவரை அனுப்பிவைக்கதுக்குள்ளே அஞ்சு பேர் வந்தாச்சு. அந்த அஞ்சு பேருக்கும் ஒரே கேள்வி: எனக்கதை அழிச்சாச்சா?

சாயங்காலம் விஜயம்மா டீச்சர் வந்தா. தனுவச்சபுரத்துல கணக்கு டீச்சர். வீட்டில் மாமியார், கட்டின மாப்பிள்ளை, மூணு பிள்ளைகள், எல்லாரும் நல்ல மனுஷர், எல்லாருக்கும் எந்நேரமும் பேச்சு. 94-இல் தலைவேதனை எண்ணு என்கிட்ட வந்தவ. இவளும் அழிச்சாச்சா எண்ணுதான் கேக்க வந்திருக்கா எண்ணு நினைச்சு, நாளைக்குள்ளே அழிஞ்சுபோகும் டீச்சர், பயப்பட வேண்டாம் எண்ணு நானே முந்திச் சொன்னேன். அவ குடையை மடக்காம வராந்தாவிலேயே நிண்ணா.

“சாரே, அண்ணு ஞான் என்ன சொன்னேன் எண்ணு எனக்கே ஓர்மையில்லை. ஒண்ணரை மணிக்கூர் பேசினேன். அதுக்கு முன்னேயும் சரி, பின்னேயும் சரி, என் பேச்சை அவ்வளவு நேரம் ஒருத்தரும் கேட்டதில்லை. அழிக்கதுக்கு முன்னே ஒருக்கா வாசிக்கத் தரமுடியுமா?”

அழிக்கணும் அழிக்கணும் எண்ணு இருந்தேனே தவிர, அது எனக்க சொத்து இல்லை, அவியளுக்க சொத்து எண்ணு எனக்கு ஒரு நிமிஷமாவது தோணிச்சா? அஞ்சு வருஷம் பூட்டி வச்சிருந்தேன், இப்ப என் இஷ்டத்துக்கு அழிக்கப் போறேன். ஆளுக்கு ஆள் அவங்கவங்க காகிதத்தைக் கொடுத்திட்டு, அதுக்குப் பெறகு அழிக்கதுதான் மரியாதை எண்ணு அண்ணு முடிவு பண்ணினேன். மூணு தடவையும் சோதனையோட நிண்ணுபோனதாலே ஒரு எழுத்தும் அழிஞ்சிருக்கல்லை, அது தெய்வச்செயல். ஆனா டிலீட் பண்ணினதைத் திரும்ப எழுப்பத் தெரிஞ்ச ஆள் குன்னத்துகாலில் ஒருத்தன்தான். அவன் கண்ணுலதான் ஒண்ணும் படக் கூடாது.

வெள்ளிக்கிழமை ராஜதாசை வரவழைச்சு, மரியாதையாக் காரியத்தைச் சொன்னேன். அவனும் மரியாதையா ஒத்துக்கிட்டான். கம்ப்யூட்டருக்கு முதுகு காட்டி, சுவரைப் பாத்து ஒரு ஸ்டூலில் உக்காந்து, கண்ணில் என் தோர்த்துத் துண்டையும் கட்டிக்கிட்டு அவன் சொல்லுவான், நான் அடிப்பேன். பக்கத்துல தங்கபாய் மரச்சீனிக் கிழங்கு தோலுரிச்சிட்டு அவனுக்க கழுத்தையே பாத்திட்டு இருந்தா. அவன் கழுத்து ஒருக்காகூட திரும்பல்லை, அதை நான் சொல்லித்தான் ஆகணும். ஆனா காது இருக்கே. ஒவ்வொரு ஃபைலுக்கும், சாரே, முதல் எழுத்து கேக்குமே, என்ன எழுத்து போட்டீங்க எண்ணு கேப்பான். அது உனக்கு வேண்டாம் எண்ணு நான் சொல்லுவேன். கொஞ்ச நேரம் கழிச்சு, கீபோர்டுல இடதுபக்கம் சத்தம் கேட்டுதே, அப்ப எஸ் அல்லது டி ஆயிருக்கும் எண்ணு சுவரைப் பாத்துச் சொல்லுவான். அதுக்குப் பெறகு நான் ஒவ்வொரு எழுத்துக்கும் தொண்டையைச் செருமிச் செருமி அடிச்சேன். உச்சைப் பொழுதுக்குள்ளே எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு, எனக்கே ஒரு மருந்து எடுக்க வேண்டியதாச்சு.

சனிக்கிழமை காலையில் பிரிண்டரைப் போட்டேன். அது ஓலை கிழிக்கிறது மாதிரி கத்தும், உனக்குத் தெரியும். வேணும் எண்ணு கேட்டவங்களுக்கு மட்டும் எண்ணு சொல்லியிருந்தேன், முப்பத்தேழு பேர் வந்தாவ. ஒவ்வொருத்தரையா உள்ளே கூப்பிட்டு, அவங்க காகிதத்தை மட்டும் அடிச்சு, மருந்துக் கவரில் போட்டு ஒட்டி, வாசிச்சிட்டு அடுப்பில் போட்டுடணும் எண்ணு சொல்லிக் கொடுத்தேன். விஜயம்மா டீச்சர் கவரை வாங்கினதும் அங்கேயே பிரிச்சு, நிண்ணபடியே முழுசும் வாசிச்சா. சிகப்பு மை பேனா எடுத்து என் இங்கிலீஷில் ரெண்டு தப்பைத் திருத்தினா. பெறகு, பரவாயில்லையே சாரே, ஞான் நல்லாத்தான் பேசியிருக்கேன் எண்ணு சொல்லிட்டு, சந்தைக்குப் போறவ மாதிரி கையை வீசி நடந்து போனா.

இனி சொல்லப்போறதுதான் முக்கியம். செங்கல்லில் ரப்பர் நாத்துப் பண்ணை வச்சிருக்கிற சத்தியதாசும் அவன் பெஞ்சாதி செல்லபாயும் வந்தாவ. செல்லபாய் நர்சு. 86-இல் சவுதியிலிருந்து அவளுக்கு வேலை உத்தரவு வந்தது, போகல்லை. மாப்பிள்ளை விடல்லை எண்ணு அவ வீட்டுக்காரங்க இண்ணும் சத்தியதாசிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டாவ. இது நாடு முழுக்கத் தெரிஞ்ச காரியம். தெரியாததை நான் மட்டும் அறிவேன். 95-இல் சத்தியதாஸ் உறக்கமில்லை எண்ணு வந்தான். எந்தப் பக்கம் சாய்ஞ்சு படுப்பே எண்ணு கேட்டதுக்கு, சுவரைப் பாத்து எண்ணு சொன்னான். டிக்கெட் எடுக்கப்போற அண்ணு காலையில் ‘போகாண்டா’ எண்ணு தடுத்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டேன், அவ உக்காந்து கண்ணீர் விட்டுக் கரைஞ்சா, அப்படியே நிண்ணுட்டா, அவ ஜீவிதத்தை நான் முடக்கிட்டேன் சாரே எண்ணான். முன்னெல்லாம் யூனிபாரத்தை இஸ்திரி போடும்போது மெதுவா ஒரு பாட்டு பாடுவா, இப்ப இஸ்திரிப்பெட்டிச் சத்தம் மட்டும்தான் கேக்குது எண்ணும் சொன்னான். மூணு மாசம் கழிச்சு அவன் அறியாம செல்லபாய் வந்தா. அவளுக்கும் உறக்கமில்லை. அவளும் சுவரைப் பாத்துத்தான், மறுபக்கத்துச் சுவர். சவுதிக்குப் போக எனக்குத்தான் பயம் சாரே, போகமாட்டேன் எண்ணு எப்படிச் சொல்ல எண்ணு முந்தின நாள் முழுக்கத் தவிச்சேன், அவர் ‘போகாண்டா’ எண்ணு சொன்னதும் நிம்மதியில் கரைஞ்சுபோனேன், வீட்டில் கேட்டப்போ அவர் விடல்லை எண்ணு சொல்லிட்டேன், அவரும் மறுக்காம பழியைச் சுமக்காரு, அவர் முகத்தைப் பாத்துப் படுக்க எனக்கு யோக்கியதை இல்லை எண்ணா.

மூணு வருஷம், மக்கா. ரெண்டு பேருக்கும் மருந்து கொடுத்தேன், ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து, ரெண்டு பேருக்கும் கேக்கல்லை. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட சொல்ல எனக்கு அதிகாரமில்லை. எங்க வேதக்கோயிலில் ஆராதனைக்கு ரெண்டு பேரும் எனக்கு முன்னால பெஞ்சில்தான் இருப்பாவ. நடுவில் ஒரு ஆள் உக்கார இடம் விட்டிருக்கும். அந்த இடத்தைப் பாத்துத்தான் நான் மூணு வருஷமா பிரசங்கம் கேட்டேன்.

அவனுக்கதை அவனுக்கும் அவளுக்கதை அவளுக்கும் கவரில் போட்டுக் கொடுத்தேன். ஒரு வார்த்தை கூடுதல் சொல்லல்லை. எதிர்ப்பக்கம் பஸ் காத்திருக்கிற ஷெட்டில் போய் உக்காந்து, ஆளுக்கு ஒரு மூலையில் வாசிச்சாவ. நான் பிரிண்டரில் காகிதம் சரி பண்ணுற மாதிரி ஜன்னல் பக்கம் நிண்ணேன். சத்தியதாஸ் வாசிச்சு முடிச்சு, மடக்கி, சட்டைப் பையில் வச்சான். ஒரு பஸ் வந்தது, ரெண்டு பேரும் ஏறல்லை. பெறகு அவன் பையிலிருந்து அதை எடுத்து, முகத்தைப் பாக்காம, அவ பக்கம் நீட்டினான். அவ அதைப் பாத்திட்டே இருந்தா. அவ வாங்கல்லை. முதல்ல தன்னுக்கக் காகிதத்தை அவன் மடியில் வச்சா, அதுக்குப் பெறகுதான் அவனுக்கதை வாங்கினா. அடுத்த பஸ்ஸும் போச்சு. அதுக்கடுத்ததும் போச்சு. நான் எப்போ மாத்திரைக் குப்பியைக் கவிழ்த்தேன் எண்ணு தெரியாது, தரை முழுக்க வெள்ளை மாத்திரை, தங்கபாய் பெருக்கிட்டு இருந்தா.

குடையை மறந்துட்டேன் எண்ணு சொல்லிட்டு சத்தியதாஸ் உள்ளே வந்தான். குடை அவன் கையில்தான் இருந்தது. கண்ணு சிகப்பு. வாசலில் நிண்ணு என்னைப் பாத்து,

“சாரே, அண்ணு அவ கரைஞ்சது நிம்மதியிலயாக்கும்” எண்ணான்.

நான், அப்படியா எண்ணு கேட்டேன். வேற என்ன கேக்க? அவன் தலையை ஆட்டிட்டு, மழையில் குடையை விரிக்காமலே ரோட்டைக் கடந்து போனான்.

உச்சை கழிஞ்சு ரெண்டு மணிக்கு மறுபடியும் உனக்க ஃபிளாப்பியைப் போட்டேன். இந்தத் தடவை கரண்ட் போனா ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு முன்னே முடியாது. காரியத்தை அறிஞ்சு லைன்மேன் தாணு காலையிலேயே வந்து, வழி நீளம் கம்பி பக்கம் தொங்கின மட்டையெல்லாம் வெட்டிவிட்டிருந்தார். ரெண்டரைக்கு மேகம் இருட்டி இடி தொடங்கிச்சு. பயந்தபடியே ஃபியூஸ் போச்சு எண்ணா ஒரு நிமிஷத்துல போட்டுத் தாறேன், நான் ஆபீசிலிருந்து கொண்டுவந்து மாட்டின பேட்டரி அதுவரை தாங்கும் எண்ணு சொல்லி, டிரான்ஸ்பார்மருக்கு எதிரே உள்ள பலசரக்குக் கடை வாசலில் போய் நிண்ணார். நாலரை மணிக்கூர் நிண்ணார். ஒவ்வொரு இடிக்கும் கடைத் தூணைப் பிடிச்சிட்டு நிண்ணார், ஆனா நகரல்லை. அது எவ்வளவு பெரிய காரியம் எண்ணு இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஏன் எண்ணு கேக்காதே, நான் டாக்டர். ஏழு மணி ஆனப்போ ஏழாம் சுற்றும் முடிஞ்சுது. திரையில் ‘முடிந்தது’ எண்ணு வந்தது. தாணுவைக் கூப்பிட்டு பாலில்லாத ஒரு கட்டன்சாயா கொடுத்தேன். வாங்கிக் குடிச்சப்போ முகத்தில் ஒரு பிரகாசம்.

நேத்து விழா நல்லபடியா நடந்தது. மெம்பர் சுவிட்சைப் போட்டார். திரை கறுப்பா ஆகி, சிஸ்டம் டிஸ்க் எங்கே எண்ணு ஒரே ஒரு வரி கேட்டிட்டு நிண்ணது. அழிச்ச அழிப்புல கம்ப்யூட்டருக்கத் தலையெழுத்தும் சேந்து அழிஞ்சுபோச்சு எண்ணு யாருக்குத் தெரியும்? அதுதான் புரோகிராம் எண்ணு நினைச்சு சபை முழுக்கக் கைதட்டிச்சு. ராஜதாஸ் மைக்கைப் பிடிச்சு, இதைவிட சுத்தமான கம்ப்யூட்டர் இந்தத் தாலுகாவில் இல்லை, இதில் படிக்கப் போற பிள்ளைகள்தான் இனி முதல் எழுத்தை எழுதணும் எண்ணு பேசினான். அந்தப் பையன் இவ்வளவு நல்லா பேசுவான் எண்ணு நான் நினைக்கல்லை. சிஸ்டத்தைப் புதுசா ஏத்திட்டு, இண்ணு சாயங்காலம் முதல் வகுப்பு எடுக்கானாம். நேத்து காலையில் ஆராதனையில் முன் பெஞ்சைப் பாத்தேன். நடுவில் ஒரு ஆளுக்கு இடமில்லை. நேத்து எனக்குப் பிரசங்கம் ஒண்ணும் கேக்கல்லை, ஆனா நல்ல பிரசங்கம்.

ஆகையால் ஜிஜா, நீ அனுப்பிய ஃபிளாப்பியால் ஒரு நாட்டின் ரகசியம் முழுவதும் எவருக்கும் தெரியாமல் பூரணமாக அழிந்துபோயிற்று என்பதை இதன்மூலம் சந்தோஷமாக அறிவித்துக்கொள்கிறேன். எழுதிவந்த வேகத்தில் சில விஷயங்கள் சற்று விரிவாகப் போய்விட்டன என்று தங்கபாய் சொல்கிறாள். எனவே இதை வாசித்ததும் கிழித்துப்போடவும். வேளாவேளைக்குச் சாப்பிடு. வலது பக்கம் சாய்ந்து உறங்கு. உன் அறைத் தோழிகளுக்கு எங்கள் விசாரிப்பு. உன் கையின் பிரயாசத்தையெல்லாம் கர்த்தர் ஆசீர்வதித்து, உன்னைச் சமாதானமாய்க் காப்பாராக.

இப்படிக்கு, உன் பிரியமுள்ள மாமா,
ஈசாக்

பின்குறிப்பு: இது செவ்வாய்க்கிழமை எழுதுறது. நேத்து ஸ்டாம்பு தீந்துபோச்சு எண்ணு போஸ்ட் ஆபீசில் திருப்பி அனுப்பிட்டாவ. இண்ணு காலையில் செல்லபாய் வந்திருக்கா. நான் சொன்னபடி சனிக்கிழமையே ரெண்டு பேரும் சேந்து ரெண்டு காகிதத்தையும் அடுப்பில் போட்டாச்சாம். இப்ப அவளுக்கு அவன் காகிதத்தில் இருந்த, பாட்டு பாடி இஸ்திரி போடுற அந்த வரி திரும்ப வேணுமாம். சத்தியதாஸ் வாயால இனி அதைச் சொல்லமாட்டான், வெக்கம். சாரே, ரெண்டு தடவைதான் வாசிச்சேன், கம்ப்யூட்டரிலிருந்து இன்னொண்ணு எடுத்துத் தாருங்க எண்ணு கேக்கா. ஏழு தடவை அழிச்சதை எங்கே போய் எடுக்க? விஜயம்மா டீச்சரும் வாசலில் நிக்கா, அவளுக்கதை மாமியார் பழைய பேப்பரோட எடைக்குப் போட்டாச்சாம். யோசிச்சுப் பாத்தா அந்த இஸ்திரி வரி இனி உலகத்தில் ஒரே இடத்தில்தான் உண்டு, இந்தக் கடிதத்தில். அந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சுக் கொடுக்கலாம் எண்ணு பாத்தா, பின்பக்கம் முழுக்க கிருஷ்ணன்குட்டியண்ணனுக்கத் தவளை. அதனாலே செல்லபாயை உள்ளே உக்காரவச்சு அந்த வரியை நல்ல கையெழுத்தில் எடுத்து எழுதிட்டு இருக்கேன். எழுதி முடிச்சதும் இந்தக் கடிதம் தங்கபாய் அடுப்புக்குப் போகும். ஆகையால் இதை நீ வாசிக்க வேண்டாம், அனுப்பப் போறதில்லை. உனக்குத் தனியா ஒரு கார்டு போட்டிருக்கேன்: “ஃபிளாப்பி கிடைத்தது. எல்லாரும் சுகம். வேறு விசேஷமொன்றும் இல்லை.”